சீசன் முடிந்தாலும் ஏரி அங்கேதான் இருக்கிறது

பறவை பார்க்க ஆள் சேர்த்து அழைத்துப் போகும் நண்பர்களுக்கு,

வணக்கம். அடுத்த ஆண்டுக்கான பயண அட்டவணையைப் போட நீங்கள் உட்காரும் நேரம் இது. அட்டவணை வந்த பிறகு எழுதினால் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவீர்கள். அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். எந்தக் குழுவையும் பெயர் சொல்லிக் குறைகூறப் போவதில்லை. நான்கைந்து குழுக்களோடு போயிருக்கிறேன், எல்லோரிடமும் சொல்ல இருப்பது ஒன்றுதான்: இடத்துக்கு இடம் ஓடாமல், ஒரே இடத்துக்குப் பருவந்தோறும் போவோம்.

அதற்கு முன் ஒரு நன்றி. என் முதல் பயணத்தில் பைனாகுலரைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு வானம் முழுக்கத் துழாவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருங்கிணைப்பாளர் அம்மா அதை மெல்ல இறக்கிவிட்டு, "முதல்ல வெறுங்கண்ணால பறவையப் பாருங்க. பார்வைய எடுக்காம அப்படியே பைனாகுலரத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். மீன்கொத்தியின் அலகு நுனியில் தொங்கிக்கொண்டிருந்த நீர்த்துளி வரை தெரிந்தது. வீடியோ பார்த்தெல்லாம் எனக்கு இது கைவந்திருக்காது. பக்கத்தில் நின்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே கூட்டாகப் போவதே தப்பு என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசியாக நான் வந்த பயணத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். ஒற்றையடிப் பாதைபோல ஒரு கரை. முன்னால் போன பத்துப் பேர் பறவையைப் பார்த்தார்கள். அடுத்த பத்துப் பேர் அது பறந்துபோவதைப் பார்த்தார்கள். மீதி இருந்தவர்கள் முன்னால் நின்றவர்களின் முதுகுப்பையைப் பார்த்தோம். மாலையில் வண்டி ஏறுமுன், இன்றைக்கு மொத்தம் 71 வகை என்று அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டை எண்ணினால் என் கணக்கில் 23. அதிலும் நின்று நிதானமாகப் பார்த்தது நான்கோ ஐந்தோ.

இடையில் ஒன்று நடந்தது. நாணலுக்குள் ஒரு கதிர்க்குருவி குரல் கொடுத்துக்கொண்டிருந்தது, வெளியே வரவில்லை. வழிகாட்டியாக வந்தவர் கைபேசியை எடுத்து அதே பறவையின் பாட்டை ஒலிக்கவிட்டார். மூன்றாவது தடவையிலேயே குருவி நாணலின் நுனிக்கு வந்துவிட்டது. தலை இறகு சிலிர்த்திருந்தது, வால் ஒரு பக்கம் சாய்ந்து துடித்தது, தொண்டை வீங்கி வீங்கித் தணிந்தது. பின்வரிசைக்காரர்களுக்குத் தெரியவில்லை என்று இன்னும் ஏழெட்டுத் தடவை போட்டார்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டது என்று நம்பி, இல்லாத எதிரியைத் தேடி அந்தக் குருவி நாணலுக்கு நாணல் தாவிக்கொண்டிருந்தது. இரை தேட வேண்டிய நேரம், துணையைக் காக்க வேண்டிய நேரம், எல்லாம் எங்கள் கேமராக்களுக்குப் போனது. எனக்கு அது லைஃபர். முதல் தடவையாகப் பார்த்த பறவை. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அதன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அமெரிக்கப் பறவையாளர் சங்கத்தின் நெறிமுறை முதல் நம் நடைகளில் வாசிக்கப்படும் துண்டுச்சீட்டு வரை, ஒலிப்பதிவைக் குறைத்துப் பயன்படுத்துங்கள் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அன்றைக்கும் காலையில் வாசித்தார்கள். மத்தியானம் மறந்துவிட்டார்கள்.

ஏன் மறக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவசரம்தான். வருடத்தில் இரண்டு மூன்று மாதங்களுக்குள் எல்லாப் பயணங்களையும் அடைத்துவிடுகிறோம். இன்றைக்கு விட்டால் அடுத்த சீசன்தான் என்ற பதற்றம் வழிகாட்டிக்கும் இருக்கிறது, வருகிறவருக்கும் இருக்கிறது. கூட்டம் சேர்வது அதனால். கைபேசி வெளியே வருவதும் அதனால். மாலையில் எண்ணை அறிவித்துக் கைதட்டுவதும் அதனால்தான். அட்டவணையில் இருக்கும் கோளாறைப் போய் நடத்தை விதிகளால் சரிசெய்யப் பார்க்கிறோம்.

எண்ணிக்கைப் போட்டி என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து வேட்டைக்குப் போகும் வழக்கம் ஒன்று இருந்தது. எந்த அணி சுட்டுக் குவித்தது அதிகமோ அந்த அணிக்கு வெற்றி. 1900-இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோமே என்றார். அந்த முதல் டிசம்பர் 25 அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். ஏறக்குறைய 90 வகைகள் தேறின. இன்றுவரை ஆண்டு தவறாமல் அந்தக் கணக்கெடுப்பு நடக்கிறது. துப்பாக்கி போய்விட்டது. குவியலின் உயரத்தை வைத்து வெற்றியை அளக்கும் ஆசை மட்டும் முழுதாகப் போகவில்லையோ என்று நம் மாலைநேர அறிவிப்புகளைக் கேட்கும்போது தோன்றுகிறது.

நான் கேட்பது சின்ன மாற்றம். பத்துக் காப்பகங்களுக்கு ஒவ்வொரு தடவை போவதற்குப் பதில், ஒரே காப்பகத்துக்கு, ஒரே பாதையில், பருவத்துக்கு ஒரு தடவையாவது போவோம். முடிந்தால் அதே ஆட்களோடு.

வலசைப் பறவைகள் வரத் தொடங்கும் நாட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது போனால் உங்கள் எண்ணிக்கை இருபதைத் தாண்டாது, அதனால் அட்டவணையில் அந்த வாரங்களுக்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் வடக்கிலிருந்து வரும் பல கரைப்பறவைகளில் வளர்ந்த பறவைகள் முதலில் வரும், அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் சில வாரங்கள் கழித்துத் தனியாக வரும். முதல் வாரங்களில் பார்த்தால் உள்ளான்களும் மூக்கன்களும் இனப்பெருக்க காலத்துச் செம்பழுப்பு நிறம் முழுதாகக் கலையாமல், தேய்ந்த இறகுகளோடு நிற்கும். பிறகு வரும் இளம்பறவைகளின் முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் ஓரம் போட்டு, புதுத்துணி மாதிரி இருக்கும். வழி சொல்லித் தர ஆளில்லாமல் அவை வந்து சேர்ந்திருக்கின்றன. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை எங்கும் இறங்காமல் 11 நாட்களில் பறந்து முடித்தது. முதுகில் கட்டியிருந்த செயற்கைக்கோள் கருவி அதைப் பதிவுசெய்தது. அந்தப் பறவைக்கு வயது ஏறக்குறைய ஐந்து மாதம்! பயணத்துக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு ஒரு மூக்கனை ஸ்கோப்பில் (முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியில்) காட்டிப் பாருங்கள். அதன்பிறகு மொத்தம் எத்தனை வகை என்று அவர்கள் கேட்க மாட்டார்கள்.

நடுக்குளிர்காலம் உங்களுடைய வழக்கமான சீசன். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: ஜனவரியில் உலகின் பல நாடுகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, ஆசியாவில் 1987 முதல் நடந்துவருகிறது. கூட்டமாகப் போவதால் உண்மையிலேயே பயன் இருக்கிறது என்றால் அது இந்த வேலைக்குத்தான். ஏரியை நான்காகப் பிரித்து நான்கு குழுவாக நின்று எண்ணலாம். பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கும் என்று கண்ணால் அளந்துகொண்டு, அந்த அளவை வைத்து நூறு, ஐந்நூறு என்று நகர்த்திப் போகும் கணக்கை ஒரு தடவை பழகிவிட்டால் பிறகு விடாது. வேறென்ன பறவை, வேறென்ன பறவை என்று அலையாமல் ஒரே நீலச்சிறகி வாத்துக் கூட்டத்தின் முன் ஒரு மணிநேரம் உட்கார வைக்கும் வேலை இது.

கடலோரக் காப்பகம் என்றால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி என்று எங்கே போனாலும் ஒரே நேரத்தைப் போடுகிறீர்கள். கடல் வற்றியிருந்தால் பறவைகள் எட்டாத தூரத்துச் சேற்றில் புள்ளிகளாக இருக்கும். ஓத அட்டவணையைப் பார்த்து, கடல் ஏறிவரும் இரண்டு மணிநேரத்துக்குப் போனால் அவையே நம்மை நோக்கி நகர்ந்து வரும், நாம் துரத்த வேண்டாம். முழுதாக ஏறியதும் அவை ஒதுங்கி ஓய்வெடுக்கும் திட்டின் பக்கம் மட்டும் போகக் கூடாது.

திரும்பிப் போகும் காலம் பலருக்கும் தெரியாமலே கடந்துவிடுகிறது. சாம்பலாக இருந்த பறவை வாரத்துக்கு வாரம் சிவக்கும், கறுக்கும். நீண்ட பறத்தலுக்குத் தயாராகும் மூக்கன் ஓயாமல் தின்று, கிளம்பும்போது உடல் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பாக இருக்கும் அளவுக்குப் பெருத்துவிடும். கிளம்புமுன் அதன் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன. வழியில் சாப்பாடு கிடையாது என்று தெரிந்த உடம்பு. அந்த நாட்களில் நல்ல படம் வேண்டும் என்று நாம் ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிட்டால், பறக்கச் செலவழித்ததையும் தின்னாமல் விட்டதையும் அது மறுபடி சேர்க்க வேண்டும். பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. பறவைக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் மறைகூண்டுக்குள் உட்கார்ந்து பார்க்கும் பருவம் அது, கரையில் ஊர்வலம் போகும் பருவம் அல்ல.

அப்புறம் கூடு கட்டும் காலம். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சீசன் இல்லாத ஒரு மாதத்தில் நாங்கள் ஐந்து பேர் மட்டும் ஒரு குளத்துக்குப் போனோம். அட்டவணையில் இல்லாத பயணம், யாரும் ஏற்பாடு செய்யவில்லை. "இப்ப போய் என்ன பாக்கப் போறீங்க, ஒண்ணும் இருக்காதே" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வாத்துகள் போய்விட்டிருந்தன. தண்ணீரில் அசைவே இல்லை. அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகு, மிதந்துகொண்டிருந்த பாசிக் குவியல் ஒன்றின் மேல் ஒரு முக்குளிப்பான் ஏறி உட்கார்ந்தது. அலகால் பாசியை இப்படியும் அப்படியும் ஒதுக்கியது. அப்போதுதான் உள்ளே முட்டைகள் இருப்பதே தெரிந்தது. கூட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் அது பாசியை இழுத்துப் போட்டு முட்டையை மூடிவிட்டுத்தான் இறங்கும். நாங்கள் கரையோரமாக நடந்து வந்தபோதும் அப்படித்தான் மூடிவிட்டுத் தண்ணீருக்குள் போயிருந்தது. நாற்பது பேராக வந்திருந்தால் அது திரும்பியே வந்திருக்காது, நாங்களும் அந்தப் பாசியை வெறும் பாசி என்று கடந்துபோயிருப்போம்.

சில வாரங்கள் கழித்து அதே ஐந்து பேர் மறுபடி போனோம். முக்குளிப்பானின் முதுகு கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது. சிறகுக்கு இடையிலிருந்து கோடு போட்ட ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொரு தலை. ஜோடியில் மற்றது மீனோடு நீந்தி வந்து முதுகில் இருந்த குஞ்சுக்கு ஊட்டியது. ஒரே பறவை, ஒன்றரை மணிநேரம். அன்றைக்கு எங்கள் பட்டியலில் மொத்தம் 14 வகை. வண்டியில் திரும்பும்போது யாரும் அந்த எண்ணைச் சொல்லக்கூட இல்லை.

இந்தப் பருவத்தில் அழைத்துப் போவதாக இருந்தால் தூரத்தை நீங்கள்தான் கறாராகக் காக்க வேண்டும். ஆட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்ட வெளியில் சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிடும், கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறினால் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்கார்ந்து குளிர்விக்கும். அது தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமடித்தால் "பாருங்க, எவ்வளவு கிட்ட வருது" என்று கேமராவைத் தூக்காதீர்கள். நாம் மிதித்துவிடும் தூரத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். வந்த வழியிலேயே திரும்புவதுதான் நல்லது. காகங்கள் வேறு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும். பத்துப் பேர் சுற்றி நின்று குனிந்து பார்த்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவற்றுக்குக் களக் கையேடு தேவையில்லை.

இறகுதிர்க்கும் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். இனப்பெருக்கம் முடிந்ததும் பல வாத்துகளின் ஆண்கள் பளபளப்பை இழந்து பெண் வாத்து மாதிரி ஆகிவிடும். சிறகின் பெரிய இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்ந்துவிடுவதால் சில வாரங்கள் அவற்றால் பறக்கவே முடியாது. ஆண் வாத்தே இல்லையே என்று நீங்கள் நினைக்கும் ஏரியில் அவை நாணலுக்குள் பதுங்கி இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்துக்கு அந்தச் சில வாரங்கள் போக வேண்டாம். 'இந்த மாதம் இங்கே பயணம் கிடையாது, காரணம் இது' என்று அட்டவணையில் ஒரு வரி இருக்கட்டும். போகாமலிருப்பதும் ஒரு பருவத்தைத் தெரிந்துகொள்வதுதான்.

நடைமுறை விஷயங்கள் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், அதிகம் பேர் கேட்டால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். வழிகாட்டி ஒருவர் முன்னால் என்றால் இன்னொருவர் கடைசியில் வரட்டும், பின்னால் வருகிறவர்களும் ஆட்கள்தான். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று அழைப்பிலேயே எழுதுங்கள். அது தெரியாததால் வராமல் நின்றுவிட்ட பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் குழுவிலேயே கேட்டுப் பாருங்கள். ஸ்கோப்பை உங்கள் உயரத்துக்கே வைத்திருக்காமல் குழந்தைக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் இறக்கிக் கொடுங்கள். வண்டிக் கதவை அறைந்து சாத்தாதீர்கள். "அதோ, அந்த மரத்துல" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். காட்டில் எல்லாமே அந்த மரம்தான். மரத்தைக் கடிகார முகமாக வைத்து, "காய்ஞ்ச கொம்புக்கு மேல, ரெண்டு மணி முள் பக்கம்" என்றால் பத்து விநாடியில் எல்லோருக்கும் கிடைத்துவிடும்.

பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பறவைகளைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் குழுவுக்கு ஒரே பட்டியலைப் போட்டு எல்லோருக்கும் பகிர்கிறீர்கள், நல்லது. பகிரப்பட்ட பட்டியலில் தான் பார்க்காத பறவையை ஒவ்வொருவரும் தன் பிரதியிலிருந்து நீக்கிக்கொள்ளலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. சொல்லுங்கள். அந்த 71-லிருந்து நான் 48-ஐ எடுத்தேன், கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அதேபோல், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று கடைசியில் அது கேட்கும் கேள்விக்கு ஆம் என்று சொல்வதானால் காகத்தையும் மைனாவையும் விடாமல் எழுதியிருக்க வேண்டும். ஒரே பாதையில் பருவந்தோறும் இப்படி எழுதினால், இன்ன வாரத்தில் இன்ன பறவை இல்லை என்பதும் தகவலாகிவிடும். பறவை அதிகம் தென்படும் ஆறு ஹாட்ஸ்பாட்டுகளுக்கு ஒரு நாளில் ஓடிய பட்டியலில் அது கிடைக்காது. ஆந்தை அடையும் மரத்தையும் கூட்டின் இடத்தையும் அன்று மாலையே படத்தோடு பரப்ப வேண்டாம். மறுநாள் அங்கே யார் யார் வருவார்கள் என்பது நம் கையில் இல்லை.

காப்பகத்தின் காவலரைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. நுழைவுச்சீட்டைக் காட்டிவிட்டு நேரே உள்ளே போய்விடுகிறோம். வருடம் முழுக்க அங்கே இருப்பவர் அவர்தான். எந்த ஆண்டு தண்ணீர் எவ்வளவு நாள் நின்றது, நத்தைக்குத்தி நாரைகள் எப்போது குச்சி பொறுக்க ஆரம்பித்தன, இந்த வாரம் எந்தப் பக்கம் போகக் கூடாது, எல்லாம் அவருக்குத் தெரியும். லத்தீன் பெயர் தெரியாமல் இருக்கலாம். பயணத்தின் முதல் கால்மணி நேரத்தை அவரிடம் கொடுங்கள். அவர் 'அந்தக் கரைக்கு வேண்டாம்' என்றால் அன்றைக்கு அந்தக் கரை வேண்டாம், முன்பதிவு செய்து தூரத்திலிருந்து வந்திருந்தாலும்.

வருமானமும் கூட்டமும் சீசனில்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். வண்டி நிரம்பாவிட்டால் கணக்கு உதைக்கும் என்பதும் தெரியும். எல்லாப் பயணத்தையும் மாற்றச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் இரண்டைக் குறைத்து, அந்த இரண்டை யாரும் போகாத மாதங்களில் வையுங்கள். அழைப்பில் 'அதிகம் பறவை இருக்காது' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஐந்து பேர்தான் வருவார்கள். அந்த ஐந்து பேருக்கு வண்டி எதற்கு, பொதுப் பேருந்தே போதும். முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள். பாசிக் குவியல் மிதக்கும் அந்த மூலையைக் காட்டுகிறேன், இந்த வருடமும் முக்குளிப்பான் அங்கேயே கட்டியிருந்தால்.

அன்புடன்,
உங்கள் பின்வரிசைக்காரன்